க்யூப்ஸ் ஓஎஸ்: சேவைக் க்யூப்களுக்கு மெமரி பங்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்யூப்ஸ் ஓஎஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்ட புதிதில் எல்லோரும் சொல்லும் புகார்கள் இரண்டு. ஒன்று, புதிதாக ஒரு க்யூப் (தனி விர்ச்சுவல் மெஷின்) திறக்கப் போனால் மெமரி போதவில்லை என்று வருகிறது. இன்னொன்று, சும்மா கிடக்கிற சிஸ்-ஃபயர்வால் என்ற சேவைக் க்யூப் 3 ஜிபி, 4 ஜிபி என்று பிடித்து வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது அபூர்வம். அது ஏன் என்று புரிந்துவிட்டால் கீழே உள்ளதில் பாதி புரிந்த மாதிரிதான்.

சேவைக் க்யூப் என்று எதைச் சொல்கிறீர்கள்?

க்யூப்ஸ் ஓஎஸ், ஸென் ஹைப்பர்வைசர் (ஒரே கணினியில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அடித்தள மென்பொருள்) மேல் ஓடுவது. ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா 2010-ல் அறிவித்தார். முதல் முழுப் பதிப்பு 2012-ல் வந்தது. ஒவ்வொரு வேலையையும் தனித்தனி விர்ச்சுவல் மெஷினில் அடைத்து வைப்பதுதான் இதன் அடிப்படை. அந்த மெஷின்களுக்குத்தான் க்யூப் என்று பெயர்.

நீங்கள் பிரவுசர் திறப்பதும் கடிதம் எழுதுவதும் ஆப் க்யூப்களில். அவற்றுக்குப் பின்னால் நின்று வேலை பார்ப்பவை சேவைக் க்யூப்கள். வைஃபை அட்டையையும் ஈதர்நெட் அட்டையையும் வைத்திருப்பது சிஸ்-நெட். யூஎஸ்பி கன்ட்ரோலர் சிஸ்-யூஎஸ்பியிடம். நடுவில் நின்று போக்குவரத்தை வடிகட்டுவது சிஸ்-ஃபயர்வால். டோர் என்ற அநாமதேய நெட்வொர்க் வழியாகப் போகிறவர்களுக்கு சிஸ்-ஹூனிக்ஸும் உண்டு. இவற்றில் எதிடம் நிஜமான வன்பொருள் இருக்கிறது, எதிடம் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெமரி விஷயத்தில் இவற்றைப் பிரிக்கும் கோடு அதுதான்.

மெமரியைப் பங்கிடுவது யார்?

டொம்0-வில் (மற்ற எல்லா க்யூப்களையும் நிர்வகிக்கும் தலைமை க்யூப்) ஓடும் க்யூமெம்மேன் என்ற பைத்தான் சேவை. அது தானாக எதையும் ஊகிப்பதில்லை. பங்கீட்டில் சேர்ந்துள்ள ஒவ்வொரு க்யூபிலும் மெம்இன்ஃபோ-ரைட்டர் என்ற குட்டி நிரல் ஒன்று ஓடுகிறது. வினாடிக்குப் பத்து முறை போல எழுந்து பார்த்து, பயன்பாடு ஏறத்தாழ 30 எம்பிக்கு மேல் மாறியிருந்தால் மட்டும் புது எண்ணை ஸென்ஸ்டோரில் (க்யூப்களும் டொம்0-வும் தகவல் பரிமாறும் பொது ஏடு) எழுதிவைக்கும். பஃபரும் கேஷும் (வட்டின் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) அந்த எண்ணில் சேராது. ஸ்வாப்பில் (மெமரி போதாதபோது பயன்படும் வட்டு இடம்) போய் உட்கார்ந்திருப்பது சேரும். இந்தக் கடைசி விவரம் முக்கியம்: ஒரு க்யூப் நெருக்கடியில் ஸ்வாப்புக்குத் தள்ளினால், அது "எனக்குத் தேவை அதிகம்" என்று கேட்பதாகவே கணக்கு.

க்யூமெம்மேன் அந்த எண்ணை 1.3 ஆல் பெருக்கும். அந்த 30 சதவீதம் கேஷுக்கான இடம். வருவது 200 எம்பிக்குக் கீழே இருந்தால் 200 என்று வைத்துக்கொள்ளும். டொம்0-வுக்கு மட்டும் மேற்கொண்டு 350 எம்பி சலுகை உண்டு, மற்ற எல்லா க்யூப்களுக்கும் வட்டு வசதியைத் தருவது அதுதான் என்பதால். இப்படி வருவதை அந்தக் க்யூபின் "தேவை" என்று சொல்வோம்.

எல்லாத் தேவைகளையும் கூட்டியும் மெமரி மிச்சமிருந்தால், மிச்சத்தைச் சும்மா வைத்திருக்காது. தேவையின் விகிதப்படி எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். பற்றாக்குறை என்றால், தேவைக்கு மேல் வைத்திருப்பவர்களிடமிருந்து எடுத்துத் தேவைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தரும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

பங்கிடுவதற்கு 10,788 எம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டொம்0 உண்மையில் பயன்படுத்துவது 1,000 எம்பி, தேவை 1,650. சிஸ்-ஃபயர்வால் 180, தேவை 234. அலுவலகக் க்யூப் 1,500, தேவை 1,950. சொந்தக் க்யூப் 1,200, தேவை 1,560. கூட்டினால் 5,394. கையிருப்பு இதில் சரியாக இரண்டு மடங்கு. ஆகவே ஆளுக்கு இரண்டு மடங்கு: டொம்0-வுக்கு 3,300, ஃபயர்வாலுக்கு 468, அலுவலகத்துக்கு 3,900, சொந்தத்துக்கு 3,120.

இப்போது 400 எம்பியில் ஒரு புதுக் க்யூப் துவங்குகிறது. மற்றவர்களுக்கு மிஞ்சுவது 10,388. ஃபயர்வால் 468-லிருந்து 451-க்கு இறங்கும். அலுவலகக் க்யூப் 3,900-லிருந்து 3,755-க்கு. அதாவது புதியவருக்கான இடத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவர்கள் பெரிய க்யூப்கள். சிஸ்-ஃபயர்வாலின் பங்கு வெறும் 17 எம்பி. (புதுக் க்யூப் தன் பயன்பாட்டைச் சொல்லத் தொடங்கியதும் கணக்கு மறுபடி மாறும். அது வேறு கதை.)

அப்படியானால் என் சிஸ்-ஃபயர்வால் ஏன் 4 ஜிபி காட்டுகிறது?

மெஷினை இப்போதுதான் ஆன் செய்திருப்பீர்கள். 32 ஜிபி ரேம் இருக்கும். ஆப் க்யூப் எதுவும் இன்னும் ஓடாது. பங்கீட்டில் இருப்பது டொம்0-வும் சிஸ்-ஃபயர்வாலும் மட்டும். மிச்சம் முழுவதும் இந்த இரண்டுக்கும்தான் போக வேண்டும். டொம்0-வுக்கு வழக்கமான உச்சவரம்பு 4,096 எம்பி. சாதாரண க்யூபுக்கு, நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், பெரும்பாலும் 4,000. இரண்டும் உச்சவரம்பில் போய் முட்டி நிற்கும். அவ்வளவுதான்.

காலி வீட்டில் தனியாக இருப்பவர் எல்லா அறையிலும் சாமானைப் பரப்பி வைத்திருப்பது மாதிரி. ஆள் வந்தால் எடுத்துவிடுவார். டொமைன்ஸ் விட்ஜெட்டில் நீங்கள் பார்ப்பது கையில் இருப்பதைத்தான், தேவையை அல்ல. தேவையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் க்யூபிலேயே டெர்மினல் திறந்து ஃப்ரீ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஃபயர்வாலில் பெரும்பாலும் இருநூறு எம்பியைச் சுற்றித்தான் "பயன்பாட்டில்" என்று வரும்.

உச்சவரம்பைக் குறைத்தால் மெமரி மிச்சமாகுமா?

ஆகும், ஆனால் நீங்கள் நினைக்கிற நேரத்தில் அல்ல. மெமரி தாராளமாக இருக்கும்போது மிச்சமாகும். அப்போது உங்களுக்கு அது தேவையில்லை. நெருக்கடி வந்தபோது ஃபயர்வால் ஏற்கெனவே சுருங்கியிருக்கும்.

ஆனாலும் 500, 600 எம்பி என்று ஒரு வரம்பு வைப்பதை நான் ஆதரிக்கிறேன். காரணம் வேகம். 4 ஜிபியில் பரந்து கிடக்கும் க்யூபிலிருந்து 3 ஜிபியைத் திரும்ப வாங்குவது நொடியில் நடக்கிற காரியம் இல்லை. உள்ளே இருக்கும் கெர்னல் பக்கம் பக்கமாக எடுத்து, துடைத்து, ஒப்படைக்க வேண்டும். அதற்குள் நேரம் கடந்துவிட்டால் நீங்கள் திறக்க முயன்ற க்யூப் திறக்காது. ஃபயர்வாலுக்கு வரம்பு வைத்தால் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் குறைகிறது.

சிஸ்-நெட்டும் சிஸ்-யூஎஸ்பியும் ஏன் இந்தப் பங்கீட்டில் சேர்வதில்லை?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

மெமரியை ஏற்றி இறக்குவது பலூன் டிரைவர் என்ற உத்தியால். 2002-ல் விஎம்வேர் ஆட்கள் விளக்கி எழுதியபோது பரவலாகத் தெரிய வந்தது. ஸென், கேவிஎம், ஹைப்பர்-வி என்று எல்லோரிடமும் இன்று ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. க்யூபுக்குள் இருக்கும் பலூன் டிரைவர் தன் கெர்னலிடமே மெமரி கேட்டு வாங்கும். வாங்கிய பக்கங்களை ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும். கெர்னலைப் பொறுத்தவரை அந்த மெமரி "யாரோ பயன்படுத்துகிறார்கள்". நிஜத்தில் அது வேறொரு க்யூபுக்குப் போயிருக்கும்.

சாதாரண நிரல்களுக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால் வைஃபை அட்டையைப் போன்ற பிசிஐ சாதனம் சிபியுவிடம் கேட்காமலே மெமரியில் நேராக எழுதும். டிஎம்ஏ என்பது அதுதான். எந்தப் பக்கத்தில் எழுதலாம் என்ற வரைபடம் ஐஓஎம்எம்யு என்ற வன்பொருளிடம் இருக்கும். சாதனம் எழுதப்போகும் பக்கம் உண்மையிலேயே அங்கே இருந்தாக வேண்டும். ஒரு பக்கத்துக்கு யாராவது கை வைத்த பிறகுதான் நிஜ மெமரி ஒதுக்குவது என்ற முறை ஸென்னில் உண்டு. 400 எம்பியில் துவங்கி 4,000 வரை வளரக்கூடிய க்யூப்கள் முதலில் அதை வைத்துத்தான் ஓடின. இன்னும் ஒதுக்காத பக்கத்தைச் சிபியு தொட்டால் ஹைப்பர்வைசர் அதை நிறுத்தி, பக்கத்தைப் போட்டு, மறுபடி ஓடவிடலாம். சாதனம் அப்படிக் காத்திருக்காது. எனவே இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஸென் சம்மதிப்பதில்லை.

அதனால் பிசிஐ சாதனம் மாட்டிய க்யூபுக்கு மெமரி துவக்கத்திலேயே முழுதாக ஒதுக்கப்படும். கடைசி வரை அதே அளவு. இது க்யூப்ஸின் விசித்திரம் இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் கிராபிக்ஸ் அட்டையை ஒரு விஎம்முக்கு நேராகக் கொடுத்துப் பாருங்கள்; அங்கேயும் அந்த விஎம்மின் மெமரி முழுவதும் பூட்டப்படும், பலூன் வேலை செய்யாது.

அமைப்புகளில் "மெமரிப் பங்கீட்டில் சேர்" என்ற பெட்டி இருக்கிறதே, சிஸ்-நெட்டுக்கு அதை டிக் செய்தால்?

அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, சாதனங்கள் வேலை செய்யாமல் போகலாம் என்ற எச்சரிக்கை வரும். அதை நம்புங்கள். சிஸ்-நெட்டுக்கு டிக் இல்லாமல் விடுவதே சரி. உள்ளுக்குள் அந்தப் பெட்டி செய்வது எளிய வேலை: டிக்கை எடுத்தால் உச்சவரம்பு என்ற பண்பு 0 ஆகிவிடும். 0 என்றால் "மெமரியே கிடையாது" என்று பொருளில்லை. "துவக்க மெமரிதான் நிரந்தர மெமரி" என்று பொருள். கட்டளை வரியில் மாற்றுகிறவர்கள் இதைப் பார்த்து மிரள வேண்டாம்.

சரி, சிஸ்-நெட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

400 எம்பி பெரும்பாலானவர்களுக்குப் போதும். போதவில்லை என்பது எப்படித் தெரியும்? நெட் மெதுவாவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தெளிவான அடையாளம் இது: பேனலில் இருந்த நெட்வொர்க் ஐகான் திடீரென்று காணாமல் போகும். சிஸ்-நெட்டின் ஜர்னலை (லாக் பதிவு) திறந்தால், மெமரி தீர்ந்ததால் கெர்னல் ஒரு புராசஸைக் கொன்றதாக ஒரு வரி இருக்கும், கொல்லப்பட்டது நெட்வொர்க் மேனேஜர் என்று பெயரோடு. அந்த வரி இருந்தால் 100 அல்லது 200 எம்பி கூட்டுங்கள். இல்லையென்றால் மெமரியைத் தொடாதீர்கள், வேறு இடத்தில் தேடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிஸ்-நெட்டுக்குத் தாராளமாக 2 ஜிபி கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆப் க்யூபுக்குக் கொடுத்தால் அது தேவைப்பட்டபோது திரும்பி வரும். சிஸ்-நெட்டுக்குக் கொடுத்தது அதை அணைக்கும்வரை திரும்பாது. ஆகவே சேவைக் க்யூப்களில் கஞ்சத்தனம் காட்ட வேண்டிய இடம் இதுதான், ஃபயர்வால் அல்ல. ஆனால் பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

இன்னும் குறைக்க வேண்டுமானால் எண்ணைக் குறைப்பதைவிட உள்ளே ஓடுவதைக் குறைப்பது நல்லது. சேவைக் க்யூப்களுக்கு மினிமல் டெம்ப்ளேட்டை (மிகக் குறைந்த நிரல்களோடு வரும் அடிப்படை அச்சு) பயன்படுத்துங்கள். தேவையில்லாத பின்னணிச் சேவைகள் போய்விடும். நெட்வொர்க் மேனேஜர், உங்கள் வைஃபை அட்டைக்கான ஃபர்ம்வேர் போன்றவற்றை நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும்.

மாற்றம் உடனே அமலாகாது, சிஸ்-நெட்டை அணைத்துத் துவக்க வேண்டும். ஃபயர்வால் அதில் தொங்கிக்கொண்டிருப்பதால் அது அணைய மறுக்கும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருப்பதற்கு மெஷினையே ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

சிஸ்-யூஎஸ்பிக்கும் அதே அளவா?

அதே அளவில் துவங்கலாம். ஆனால் உங்கள் கீபோர்டும் மவுஸும் யூஎஸ்பியில் இருந்தால் அந்தக் க்யூபின் மெமரியில் சோதனை செய்து பார்க்காதீர்கள். அது துவங்கவில்லை என்றால் லாகின் கடவுச்சொல்லைத் தட்டவே வழியில்லாமல் போகலாம். உள்ளே பொருத்திய கீபோர்டு உள்ள லேப்டாப் என்றால் பயமில்லை.

கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறதே? சில நூறு எம்பி எங்கே போனது?

ஸ்டப்டொமைன்களைக் கூட்டியிருக்க மாட்டீர்கள். 4.0 பதிப்பு 2018-ல் வந்தபோது க்யூப்கள் பழைய பிவி முறையிலிருந்து (விர்ச்சுவல் மெஷினின் கெர்னலே ஸென்னோடு ஒத்துழைக்கும் முறை) மாறின. பிசிஐ சாதனம் வைத்திருப்பவை எச்விஎம் (முழுக் கணினியையே போலி செய்து காட்டும் முறை), மற்றவை பெரும்பாலும் பிவிஎச் (அந்தப் போலி தேவைப்படாத இலகுவான முறை). எச்விஎம்முக்குச் சாதனங்களைப் போலி செய்து காட்ட கியூஎமு என்ற நிரல் தேவை. கியூஎமுவில் ஓட்டை இருந்தால் டொம்0 மாட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தனியாக ஒரு குட்டி விஎம்மில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதுதான் ஸ்டப்டொமைன். சிஸ்-நெட்டுக்கு ஒன்று, சிஸ்-யூஎஸ்பிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நூறு எம்பிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதுவும் நிலையான ஒதுக்கீடுதான், பங்கீட்டில் சேராது. டொம்0-வில் எக்ஸ்எல் கட்டளையின் பட்டியலைப் பார்த்தால் பெயரின் முடிவில் டிஎம் என்று போட்டு வரும்.

இதைத் தவிர ஸென் தனக்கென்று ஏறத்தாழ 50 எம்பியை எப்போதும் காலியாக விட்டுவைக்கும்படி க்யூமெம்மேன் பார்த்துக்கொள்கிறது.

8 ஜிபி மெஷினில் "மெமரி போதவில்லை" என்று வந்தால் என்ன செய்வது?

முதலில் இன்னொரு முறை திறந்து பாருங்கள். கேலியாகச் சொல்லவில்லை. நான் மேலே சொன்ன தாமதம்தான் காரணமாக இருந்தால், முதல் முயற்சியில் சுருங்கத் தொடங்கியவை இதற்குள் சுருங்கி முடிந்திருக்கும். டொம்0-வில் க்யூமெம்மேனின் லாக் கோப்பில், எந்தக் க்யூப் கேட்டும் மெமரியைத் தரவில்லை என்று எழுதியிருக்கும்.

இரண்டாவது முறையும் வராவிட்டால் நிஜப் பற்றாக்குறை. அப்போது ஏதாவது ஒரு ஆப் க்யூபை மூடுவதுதான் வழி. க்யூமெம்மேனின் கான்ஃபிக் கோப்பில் உள்ள 1.3, 350, 200 ஆகிய எண்களை மாற்றிப் பிழைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 1.3-ஐ 1.1 ஆக்கினால் இன்னொரு க்யூப் திறக்கும் என்பது உண்மை. ஆனால் எல்லா க்யூபிலும் கேஷ் ஒடுங்கி, தொட்டதற்கெல்லாம் வட்டுக்கு ஓடும். டொம்0-வின் 350-ல் கை வைத்தால் நிலைமை இன்னும் மோசம், எல்லோருடைய வட்டும் மந்தமாகும். எனக்குக் கேட்டால் ரேம் வாங்குவதே மலிவு.

துவக்க மெமரியைக் குறைத்து, உச்சவரம்பை மட்டும் ஏற்றி வைக்கலாமா?

ஓரளவுக்குத்தான். லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 64 பைட் குறிப்பு வைத்துக்கொள்கிறது. 4,000 எம்பி உச்சவரம்பு என்றால் 10,24,000 பக்கங்கள்; குறிப்புகளுக்கு மட்டும் 62.5 எம்பி. பழைய முறையில் க்யூப் 400 எம்பியோடு துவங்கினாலும் இந்த 62.5-ஐ முதலிலேயே எடுத்து வைத்துவிடும். கெர்னல் வைத்துக்கொள்ளும் மற்ற அட்டவணைகளும் இதே போல உச்சவரம்பைப் பார்த்தே அளவெடுப்பதால், உச்சவரம்பு துவக்க மெமரியைப் போல ஏறத்தாழ 10 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. பின்னாளில் மெமரி ஹாட்பிளக் (ஓடும்போதே மெமரி சேர்க்கும் வசதி) ஆதரவு வந்து இந்தச் சுமை குறைந்தது. ஆனாலும் சேவைக் க்யூபுக்கு 150 எம்பி துவக்கம், 4 ஜிபி உச்சம் என்றெல்லாம் வைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

ஒரு க்யூபிடமிருந்து எடுத்த மெமரி இன்னொன்றுக்குப் போகிறது. பழைய க்யூபின் ரகசியம் அதிலேயே ஒட்டிக்கொண்டு போகாதா?

நல்ல கேள்வி. க்யூப் அணைந்த பிறகு அதன் பக்கங்களைத் துடைப்பது ஸென்னின் பொறுப்பு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் க்யூப் பலூன் வழியாகத் திருப்பித் தரும் பக்கத்தை ஸென் இயல்பாகத் துடைப்பதில்லை. தருகிறவனே துடைத்துத் தரட்டும் என்பது அதன் நிலைப்பாடு. லினக்ஸின் பலூன் டிரைவர் துடைத்துத்தான் தருகிறது. அதையும் நம்பாதவர்களுக்கு, திரும்பி வரும் எல்லாப் பக்கங்களையும் ஸென்னே துடைக்கும்படி செய்ய ஒரு பூட் தேர்வு இருக்கிறது. கொஞ்சம் வேகம் குறையும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பங்கீட்டில் இருக்கும் இரண்டு க்யூப்கள் கூட்டுச் சேர்ந்தால் பேசிக்கொள்ள முடியும். ஒன்று வேண்டுமென்றே மெமரி தேவையை ஏற்றி இறக்கும். மற்றது தன் அளவு மாறுவதைப் பார்த்துச் செய்தியைப் படிக்கும். ரொம்ப மெதுவான வழி. ஒரே மெஷினில் இருக்கிற இரண்டு க்யூப் திட்டமிட்டுப் பேசிக்கொள்ள இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன என்பதால் யாரும் இதை நினைத்துத் தூக்கம் கெடுவதில்லை. வெளியுலகைத் தொடும் சிஸ்-நெட் பங்கீட்டில் இல்லாததால் இந்த வழி அதற்கு அடைபட்டிருக்கிறது என்பது கூடுதல் வசதி.

விண்டோஸ் க்யூப்?

பங்கீட்டில் சேர்க்காதீர்கள். நிலையான அளவு கொடுங்கள்.

ஃபயர்வாலுக்கு மிராஜ் போடலாம் என்கிறார்களே?

ஓகாமல் மொழியில் எழுதிய யூனிகெர்னல் (ஒரே வேலைக்கென்று கட்டிய குட்டி ஓஎஸ்) ஃபயர்வால் அது. முழு லினக்ஸ் இல்லை என்பதால் சில பத்து எம்பியே போதும். பலூன் வேண்டாம், அதனால் உச்சவரம்பை 0 ஆக்கிப் பங்கீட்டிலிருந்து எடுத்துவிடலாம். 8 ஜிபி மெஷினில் அந்த மிச்சம் நன்றாகவே தெரியும். 32 ஜிபி இருப்பவர்கள் மெமரிக்காக இதற்கு மாற வேண்டியதில்லை. குறைந்த நிரல்வரிகள், குறைந்த தாக்குதல் பரப்பு என்று நினைத்து மாறினால் அது நியாயம்.